கேட் புக்கில் நான் எழுதிய ஒரு வரி

எஸ்டேட் ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஏதோ மலர் போடுகிறார்களாம். கட்டுரை கேட்டு ராசா என்ற ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் இப்போது வேலையில் இருக்கும் மருத்துவ உதவியாளர்கள். எங்கள் காலத்தில் அந்த வேலைக்கு டிரஸ்ஸர் என்று பெயர். கொரோனா நாட்களில் பட்ட பாட்டையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஐயா, அந்தக் காலத்து ஃபுளூ காய்ச்சல்ல நீங்க கண்டுபிடிச்ச பொட்டல முறையப் பத்தி எழுதிக் குடுக்கணும்லா" என்றார்கள். ஒரு பழைய பாராட்டுக் கடிதத்தின் நகலையும் கொண்டுவந்திருந்தார்கள். அதில் என் பெயர்தான் இருக்கிறது.

நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவன் செல்லையா. நான் அதைக் காட்டிக்கொடுத்தவன். மனச்சாட்சி உறுத்தித்தான் இதை எண்பத்தேழு வயதில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்த இருவரில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்ககூட செல்லையான்னு ஒருத்தரு இருந்தாராமே, அவரு ஊசி போட்டா வலிக்காதுன்னு எங்க பெரியம்மா இன்னும் சொல்லுவாங்க" என்றார். செல்லையா செத்தே பல வருஷம் ஆகிறது. இருந்தும் எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதிலும் எரிகிறதே என்ற எரிச்சலில்தான் பேனாவை எடுத்தேன்.

என் அப்பா லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணி. ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர். செல்லையாவின் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் கூலிகள். நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் பயிற்சி பெற்று, ஒரே பரீட்சையை எழுதி, பெடாஸ் பக்கத்தில் ஒரே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சின்ன டிரஸ்ஸர்களாக வந்து சேர்ந்தோம். நான் எட்டு மாதம் முந்தி வந்தவன். அந்த எட்டு மாதத்தை எட்டு வருஷ சர்வீஸ் போலத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. பரீட்சையில் எனக்குத்தான் அதிக மார்க். ஆனால் அவன் வார்டுக்குள் நுழைந்தால் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காருவார்கள். நான் நுழைந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்போம். லயத்துப் பெண்கள் அவனை "அண்ணே" என்றார்கள், என்னை "ஐயா" என்றார்கள். குழந்தைகள் அவனிடம் ஊசி போட்டுக்கொண்டு, போட்டது தெரியாமல் கொஞ்ச நேரம் கழித்து அழுதன. அவனுக்குப் பலாச்சுளை வரும், முறுக்கு வரும், மீன் பிடித்தால் மீன் வரும். எனக்கு வணக்கம் மட்டும் வந்தது. அவன் பலாச்சுளையில் பாதியை என் மேசையில் வைப்பான், நானும் தின்பேன். தின்றுகொண்டே பொருமுவேன்.

எங்களுக்கு மேல் இருந்தவர் பெரிய டிரஸ்ஸர் ஆரோக்கியசாமி. வாரம் ஒரு தடவை வரும் வெள்ளைக்கார டாக்டரைத் தவிர ஆஸ்பத்திரிக்கு அவர்தான் எல்லாம். குரலை உயர்த்தியதே கிடையாது. காலையில் ஊசிகளைக் கொதிக்க வைக்கும் முன் ஒவ்வொன்றையும் எடுத்து, ஒரு துண்டுப் பஞ்சின் மேல் மெதுவாக இழுத்துப் பார்ப்பார். பஞ்சின் ஒரு இழை நுனியில் மாட்டினால் போதும், அந்த ஊசி முனை மடங்கியது என்று அர்த்தம். அதைத் தனியாக வைத்து, "இன்னொரு தடவ" என்பார். அதை எண்ணெய்க் கல்லில் தீட்டிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மறுபடியும் பஞ்சில் இழுப்பார். நான் தீட்டியவை இரண்டு தடவை, மூன்று தடவை திரும்பி வரும். செல்லையா தீட்டியவை ஒரே தடவையில் கொதிநீருக்குப் போய்விடும்.

இன்னொன்று. அவர் என்னை "மிஸ்டர் நடராஜன்" என்பார். அவனை வெறுமனே "செல்லையா" என்பார். முதல் மாதம் எனக்கு அது பெருமையாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, பெற்ற பிள்ளையை யாரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிடுவதில்லை என்று. அன்றிலிருந்து அந்த மிஸ்டரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது மலாயாவில் எமர்ஜென்சி காலம், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரச் சர்க்கார் சண்டை போட்ட காலம். சில ஊர்களில் ஊரடங்கை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம், எங்கள் பக்கம் எடுக்கவில்லை. தோட்டத்து லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட், அதில் துப்பாக்கியோடு காவல். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டை மூடினால் மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் மணிக்குத்தான் திறப்பார்கள். ஆஸ்பத்திரி கம்பிக்கு வெளியே மேட்டின் மேல் இருந்தது. மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டு போகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சந்தேகம். சோற்றைவிட மருந்தின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

அதனால் எங்களுக்கு ஒரு தனிச் சட்டம். டிரஸ்ஸர் மருந்துப் பெட்டியோடு கேட்டுக்குள் போகும்போது எத்தனை மாத்திரை என்று ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். அதை கேட் புக் என்போம். யாருக்கு எத்தனை கொடுத்தோம், மிச்சம் எத்தனை என்று திரும்பும்போது எழுத வேண்டும். எந்த மாத்திரையையும் வீட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது. நோயாளி நம் கண் முன்னால் விழுங்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். வியாழக்கிழமைதோறும் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்குச் சில மாதம் முந்தி அந்தக் காய்ச்சல் வந்தது. சிங்கப்பூரில் இருக்கிறது என்றார்கள், அடுத்த வாரமே எங்கள் தோட்டத்தில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடக் கூப்பிட, பதில் வந்த பேரைவிட வராத பேர் அதிகம். அன்று மதியத்துக்குள் எங்கள் கட்டில்கள் நிறைந்து, வராந்தாவில் பாய் போட்டோம். மறுநாள் சமையல்காரர் படுத்தார். அதற்கு மறுநாள் வார்டு ஆயா. பெரிய டிரஸ்ஸரே அடுப்புக்கு முன்னால் நின்று கஞ்சி கிண்டினார். அதையும் ஊசி தீட்டுவதைப் போலவேதான் செய்தார். கட்டி தட்டினால் "இன்னொரு தடவ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முக்கால்வாசிப் பேருக்கு நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிட்டது. நெஞ்சில் சளி இறங்கியவர்கள்தான் ஆபத்து. அவர்களுக்கு சல்ஃபா மாத்திரை கொடுக்க வேண்டும், நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு வேளையும் தவறாமல். கூடவே நிறையத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இடம் இல்லாததால் பாதிப் பேர் லயத்தில் கிடந்தார்கள். லயத்துக்குப் போகும் வேலை செல்லையாவுக்கு, வார்டும் புத்தகமும் எனக்கு. நாளைக்கு ஆறு தடவை கேட்டுக்குள் போய், வீடு வீடாக வாயைத் திறக்கச் சொல்லிக் கொடுப்பது நடக்கிற காரியமா? கேட் மூடிய பிறகு யார் போய்க் கொடுப்பது?

செல்லையா ஒரு வழி செய்தான். ஒவ்வொரு லயத்திலும் நம்பிக்கையான ஒரு பெண்ணைப் பிடித்தான். காலையில் அவன் முதல் மாத்திரையைத் தன் கையால் கொடுப்பான். மீதி ஐந்தையும் தாளில் மடித்து அந்தப் பெண்ணிடம் விட்டுவிடுவான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், லயத்தில் கரண்டும் கிடையாது. அதனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் ஒவ்வொரு மாதிரி மடித்தான். பால் தூக்கிக்கொண்டு வரும் நேரத்துக்குரியது முக்கோணம். கேட் மூடும் நேரத்துக்குரியது வெற்றிலை மாதிரிச் சுருட்டியது. இரவுக்குரியவற்றில் நூல் சுற்றி முடிச்சு, முதலாவதுக்கு ஒரு முடிச்சு, அடுத்ததுக்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. இருட்டில் தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுக்கலாம். எந்தப் புத்தகத்தில் படித்தான் என்று கேட்காதீர்கள், அவனே யோசித்தது. இப்போது எழுதும்போதுகூட, எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏழாம் லயத்தில் பொட்டலம் வைத்திருந்தவள் சின்னப்பொண்ணு. அவளுடைய மருமகள் அஞ்சலைக்கு எட்டாவது மாதம், கூடவே காய்ச்சல். அஞ்சலையின் புருஷன் காத்தமுத்து எங்கள் வராந்தாவில் பாயில் கிடந்தான். அவனுக்குப் படுக்க இடம் கொடுத்த நேரத்தில் அஞ்சலை நன்றாகத்தான் இருந்தாள்.

சாயங்காலம் செல்லையா கொண்டுவரும் சீட்டைப் பார்த்து நான் கேட் புக்கில் சுத்தமாக நகல் எழுதுவேன். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும், அப்பா அடித்துப் பழக்கியது. ஆளுக்கு ஆறு மாத்திரை, ஆறும் விழுங்கியாயிற்று என்று அவன் சீட்டில் இருந்தது. ஒரே ஒரு தடவை போய் வந்தவன் எப்படி ஆறு வேளை கொடுத்தான்? மூன்றாம் நாள் கேட்டேன்.

"டேய், இது என்னா கணக்கு? ஆறையும் ஒரே வாயில முழுங்குனாங்களா?"

"நீ ஒரு நாளு லயத்துக்கு வந்து பாரு நட்டு" என்றான். "ஒவ்வொருத்தரா நாக்கத் தூக்கச் சொல்லிக்கிட்டு நின்னா, நான் ஏழாம் லயம் போய்ச் சேர்றதுக்குள்ள கேட்ட மூடிருவான்லா." பிறகு பொட்டல விஷயத்தை ஒளிக்காமல் சொன்னான்.

"பெரியவருக்குத் தெரியுமா?"

"கேட்டேன். மேசையத் தொறந்து ஒரு நூல்கண்ட எடுத்துக் குடுத்தாரு."

என்னிடம் எதையாவது கேட்டால் பெரிய டிரஸ்ஸர் சட்டத்தைச் சொல்லுவார். அவனுக்கு நூல்கண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலம் நகல் எழுதும்போது என் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. ஆனாலும் ஆறு ஆறு என்றே எழுதினேன். ஏழாம் லயத்தில் மட்டும் இரண்டு பேருக்கு நெஞ்சுச் சளி சரியாகிக்கொண்டு வந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த புதன்கிழமை பெரிய டிரஸ்ஸர் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அவர் வீடு. எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். கட்டிலில் கம்பளியைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார், பல் கிட்டிக்கொண்டிருந்தது. மருந்து அலமாரியின் சாவியை அவர் இடுப்பில் ஒரு கயிற்றில் கட்டியிருப்பார். தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று சொல்வார்கள். அதை அவிழ்த்தார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். நான்தான் சீனியர், கையை நீட்டினேனா இல்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை. நீட்டியிருப்பேன்.

"செல்லையா, இத வச்சுக்க" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "மிஸ்டர் நடராஜன், புக்க நீங்க பாத்துக்குங்க. உங்க எழுத்து நல்லா இருக்கு" என்றார்.

வெளியே வந்ததும் செல்லையா, "இந்தா நட்டு, நீயே வச்சுக்கியேன், நான் எங்கியாவது போட்ருவேன்" என்று சாவியை என்னிடம் நீட்டினான். வாங்கியிருக்கலாம். பிச்சையாக வாங்க எனக்கு மனம் வரவில்லை. "பெரியவரு ஒங்கிட்டதானே குடுத்தாரு" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

அன்று சாயங்காலம் கேட் புக்கைத் திறந்தேன். கடைசிப் பத்தி குறிப்புகளுக்கு. மூன்று வருஷமாக யாரும் அதில் எதுவும் எழுதியதில்லை. ஏழாம் லயத்துக்கு நேராக, என் நல்ல கையெழுத்தில், இங்கிலீஷில் ஒரு வரி எழுதினேன். ஆறு மாத்திரையில் ஒன்று முன்னிலையில் விழுங்கப்பட்டது, ஐந்து வீட்டில் விடப்பட்டன. அவ்வளவுதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மறுநாள் வியாழக்கிழமை, அதிகாரி வருவார் என்று தெரிந்துதான் எழுதினேன். அவனுக்கு நாலு திட்டு விழும், சாவி என் கைக்கு வரும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நெஞ்சில் கையை வைத்துச் சொன்னால், அதற்கு மேல் நான் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

அதிகாரி வழக்கமாகக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர். அன்று பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார். "இது உண்மையா?" என்று கேட்டார். உண்மைதான் என்றேன். அவர் செல்லையாவை விசாரிக்கக்கூட இல்லை. மலாய்க் காவல்காரர்கள் இருவரைக் கூப்பிட்டு, ஜீப்பில் ஏற்றச் சொன்னார். மருந்து காட்டுக்குப் போவதாகச் சந்தேகம் வந்தால் அந்தக் காலத்தில் விசாரணையே இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே வைக்கலாம். எல்லோருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

செல்லையா அப்போது ஒரு கிழவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தான். போட்டு முடித்து, பஞ்சால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, ஊசியைத் தட்டில் வைத்தான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தான்.

"பென்சிலின் ரெண்டு பாட்டில்தான் இருக்கு நட்டு. ஏழாம் லயத்து அஞ்சலைக்கு நேத்திலேருந்து நெஞ்சுல சத்தம் கேக்குது. இன்னிக்கிக் கண்டிப்பா பாத்துரு, மறந்துறாத."

சாவி இப்படித்தான் என்னிடம் வந்தது.

ஜீப் போன சத்தம் கேட்டுப் பெரிய டிரஸ்ஸர் கம்பளியோடு எழுந்து வந்தார். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மேசை மேல் கேட் புக் திறந்தே கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார்.

"எழுத்து நல்லா இருக்கு, மிஸ்டர் நடராஜன்" என்றார்.

பிறகு வீட்டுக்குப் போய் வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, காய்ச்சலோடு, ரப்பர் பால் ஏற்றும் லாரியில் ஏறி உட்கார்ந்தார். முதலில் தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவுக்கும் அங்கிருந்து டவுனுக்கும் போனார். மாத்திரையை வீட்டில் விடச் சொன்னது நான்தான், அந்தப் பையன் என் உத்தரவைத்தான் செய்தான் என்று எழுதிக் கொடுத்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

நான் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். காவல்காரர் புத்தகத்தை வாங்கி, மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி எண்ணினார். முன்பெல்லாம் அப்படி எண்ண மாட்டார். உள்ளே நாலு காவல்காரர்கள் வீடு வீடாகச் சோதனை போட்டு முடித்திருந்தார்கள். செல்லையாவைப் பிடித்துவிட்டார்கள் என்ற சேதி எனக்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்விட்டது. பொட்டலம் வைத்திருந்த பெண்கள் எல்லோரும் பயந்துபோய் இருந்ததைச் சாக்கடையிலும் அடுப்பிலும் போட்டுவிட்டார்கள். நான் போன வீடுகளில் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஏழாம் லயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கேட் மூட அரை மணி நேரம்தான் இருந்தது. அஞ்சலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லை என்றாள். காது வைத்துக் கேட்டேன், வலது பக்கம் அடியில் கரகரவென்று சத்தம். காலையிலிருந்து இரண்டு வேளை மாத்திரை போகவில்லை. பென்சிலின் ஊசியைப் போட்டு, ஒரு சல்ஃபா மாத்திரையையும் விழுங்க வைத்தேன்.

சின்னப்பொண்ணு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"ஐயா, ராத்திரிக்கு மூணே மூணு மாத்திர குடுத்துட்டுப் போங்க. சோதன போட்டு முடிச்சிட்டானுங்க, இனி வரமாட்டானுங்க. நான் தலமுடிக்குள்ள முடிஞ்சு வச்சுக்கிறேன்."

பெட்டியில் மாத்திரை இருந்தது. அவள் கை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் எழுதிய அந்த வரி எனக்கும் சட்டமாகிவிட்டது. நான் விட்டுவிட்டு வந்து, காவல்காரர் எண்ணிப் பார்த்து மூன்று குறைந்தால் அடுத்த ஜீப் எனக்குத்தான். "முடியாதும்மா. காலையில மொத வேலையா லாரி கொண்டாந்து ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போறேன்" என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்கய்யா" என்றாள்.

காலையில் தூக்கிக்கொண்டு வந்தோம். தூக்கக்கூட ஆள் இல்லை. லாரி டிரைவரும் நானும் பாயோடு தூக்கினோம். பெரிய டிரஸ்ஸர் இன்னும் டவுனிலிருந்து திரும்பவில்லை. பிரசவ அறைக் கட்டிலைக் காலி செய்து, மூன்று மெத்தைகளைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்து அவளை உட்கார வைத்தேன். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். எண்ணுவதற்கே சிரமமாக இருந்தது, அவ்வளவு வேகம். உதடும் நகமும் நீலம். கடைசிப் பென்சிலின் பாட்டிலைத் திறந்தேன். ஊசியை மூன்று தடவை பஞ்சில் இழுத்துப் பார்த்தேன், இழை மாட்டவில்லை. வெந்நீர்க் கெண்டியில் தைலம் விட்டு ஆவி பிடிக்க வைத்தேன். டவுன் ஆஸ்பத்திரிக்கு ஆபீசிலிருந்து போன் போட்டார்கள். அங்கேயும் தரையில்தான் படுக்க வைத்திருக்கிறார்கள், ஆக்சிஜன் வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, ஒரு நிமிஷம்கூடத் தவறாமல் நானே கொடுத்தேன். அப்படி ஒருத்திக்குப் பணிவிடை செய்தது என் சர்வீஸில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் அதை அந்த முதல் நாள் இரவில் செய்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செல்லையாண்ணே வரலிங்களா?" என்று கேட்டாள்.

நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளாகத் தூங்காமல் பக்கத்திலேயே நிற்பவன் நான். "வந்துருவாரும்மா" என்றேன். மத்தியானம் இறந்துபோனாள். வயிற்றில் இருந்த குழந்தையும் போயிற்று.

காத்தமுத்துவுக்கு அப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவிலிருந்து நடந்து வந்தான். முகத்தைத் துணியால் மூடியிருந்த கட்டிலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "நீங்க ரொம்பப் பாடுபட்டீங்கய்யா, அம்மா சொன்னாங்க" என்றான். லயத்துக்காரன் ஒருவன் எனக்கு மனமார நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய டிரஸ்ஸர் எழுதிக் கொடுத்ததை வைத்துத் துரை போலீஸோடு பேசினார். பால் வெட்ட ஆள் வேண்டுமே, அவருக்கும் அவசரம். ஒவ்வொரு லயத்திலும் பொட்டலம் வைத்திருக்கும் பெண்ணின் பேரைப் புத்தகத்தில் எழுதிவிட்டால் மருந்தை விடலாம் என்று அனுமதி கிடைத்தது. பக்கத்துத் தோட்டங்களிலும் அதே முறை வந்தது. அனுமதி கேட்ட கடிதத்தை எழுதியது நான், என் கையெழுத்துதான் நல்ல கையெழுத்தாயிற்றே. அதனால்தான் பாராட்டுக் கடிதம் என் பேருக்கு வந்தது. சட்டத்தை மீறியதாக ஒப்புக்கொண்டவரை வைத்திருக்க முடியாது என்று பெரிய டிரஸ்ஸரை அந்த வருஷக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சீனியாரிட்டிப்படி அவர் நாற்காலி எனக்கு வந்தது. இருபத்தொன்பது வருஷம் அதில் உட்கார்ந்தேன்.

செல்லையாவை ஒன்பதாம் நாள் விட்டார்கள். மெலிந்து, தாடி வளர்ந்து வந்தான். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வார்டுக்கு வந்து, கட்டில்களைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

"அஞ்சல எந்தக் கட்டிலு?"

சொன்னேன். அவன் நின்றான். பிறகு தெர்மாமீட்டரை எடுத்து உதறி, அடுத்த கட்டிலில் இருந்தவரின் வாயில் வைத்தான்.

மத்தியானம் ஊசி கொதிக்கும் பாத்திரத்துக்கு முன்னால் இருவரும் நின்றிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "புக்குல அத எழுதுனது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றான். "அந்தப் பக்கத்தத்தான் என் முன்னாடி விரிச்சு வச்சு வச்சுக் கேட்டாங்க. ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா."

அவன் இடுக்கியால் ஒரு ஊசியை எடுத்துத் தண்ணீரை உதறினான்.

"ஒன்னு சொல்றேன், மனசுல வச்சுக்க நட்டு. நான் இருந்திருந்தாலும் அவள காப்பாத்தியிருக்க முடியாது. எட்டு மாசம், நெஞ்சுல வேற எறங்கிருச்சு. யாரு பாத்தாலும் போயிருப்பா. நீ அதயே நெனச்சுக்கிட்டு ஒடம்பக் கெடுத்துக்காத."

பொய். அஞ்சலையைவிட மோசமாக இருந்த இரண்டு பேரை அதே லயத்தில், அதே பொட்டலத்தை வைத்து அவன் பிழைக்க வைத்திருந்தான். அதில் ஒருத்திக்கு ஏழாவது மாதம். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஒன்பது நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவன், உள்ளே தள்ளியவனுக்காக நின்று அந்தப் பொய்யைச் சொன்னான். நான் அழுதிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் கையையாவது பிடித்திருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இதையும் இவன் என்னைவிட நன்றாகச் செய்கிறானே என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.